ரக்பியும் அவுண்டிலும்: இரண்டு மளிகை வணிகர்கள் தந்த பள்ளிகள்

இங்கிலாந்தின் இந்த இரண்டு சந்தை ஊர்களிலும் பள்ளியைத் தந்தவர், லண்டனில் மளிகை வணிகத்தில் பணம் சேர்த்த உள்ளூர்க்காரர்தான். அவுண்டிலுக்கு வில்லியம் லாக்ஸ்டன், 1556. ரக்பிக்கு லாரன்ஸ் ஷெரிஃப், 1567.

1838இல் ரயில் வந்த பிறகு ரக்பி வேகமாக வளர்ந்தது. 1845இல் மாணவர்கள் எழுதிவைத்த விதிகளோடு ஊர்ப்பெயர் ஒரு விளையாட்டின் பெயராக நிலைத்தது. அவுண்டில் சிறிய ஊராகவே நின்றுவிட்டது. பள்ளிக் கட்டடங்கள் தெருக்களோடு கலந்திருப்பதால், ஊர் எது, பள்ளி எது என்று பிரிப்பதே கஷ்டம். சுற்றிப் பார்க்க நான் அவுண்டிலையே சொல்வேன்.

ஆனால் ஒரு விஷயம் இரண்டிலும் உறுத்துகிறது. வசதியான வெளியூர்ப் பிள்ளைகள் நிறைந்ததும், ஊர்ப் பையன்களுக்குத் தனிப்பள்ளி வந்தது: அவுண்டிலில் 1876, ரக்பியில் 1878. லாக்ஸ்டன், ஷெரிஃப் பெயர்கள் அந்தத் தனிப்பள்ளிகளுக்குத்தான் போயின.