படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? ஐநேச்சுரலிஸ்ட் சேவை பற்றி ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

காட்டுயிர்ப் படங்களை வைத்துக் கல்வித் தளம் நடத்துகிறவர்களுக்குக் கேமராவைவிட முக்கியமானது, படத்துக்குக் கீழே போடும் ஒரு வரி. எந்த உயிர், எந்த இடம், எந்தத் தேதி. இந்த மூன்றும் சரியாக இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் காலண்டர் படம்தான். அதை வைத்துப் பாடம் நடத்த முடியாது.

நான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். ஆனைமலைக் காடுகளிலும் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் ஓரங்களிலும் எடுத்த படங்களைக் கொண்டு மாணவர்களுக்காகச் சின்னதாக ஒரு தமிழ்த் தளம் நடத்தி வருகிறேன். அந்த ஒரு வரியைச் சரியாக எழுத நான் நம்பியிருக்கும் சேவை ஐநேச்சுரலிஸ்ட். நாம் பார்த்த உயிரின் படத்தை ஏற்றினால், அதன் பெயரைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் உதவும் இணையதளம் அது. இதே வேலையைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

2008ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்று முதுகலை மாணவர்களின் இறுதித் திட்டமாகத் தொடங்கியது இது. பிறகு கலிஃபோர்னியா அறிவியல் அகாதமியும் நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டியும் அதைத் தாங்கி வளர்த்தன. 2023ல் லாப நோக்கற்ற தனி அமைப்பாக ஆனது. பயன்படுத்தக் காசு கிடையாது. விளம்பரமும் கிடையாது.

வேலை நடக்கும் விதம் எளிது. கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்து படங்களை இழுத்துப் போட்டால் போதும். தேதி, நேரம் இரண்டையும் படக்கோப்பிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரே விலங்கின் பல படங்களை ஒரே பதிவாகச் சேர்க்கலாம். கேமராவில் ஜிபிஎஸ் இல்லாவிட்டால் வரைபடத்தில் நாமே புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டமும் உண்டு. இடம் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதை அந்த வட்டத்தின் அளவு சொல்கிறது. சரியாக நினைவிருந்தால் ஐம்பது மீட்டர், "அட்டகட்டிக்கு மேலே எங்கேயோ" என்றால் இரண்டு மூன்று கிலோமீட்டர் என்று நேர்மையாக வைக்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "தவளை" என்று போட்டால்கூடப் போதும். அங்கிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்தச் சேவையின் உயிர் அந்த மற்றவர்கள்தான். உலகின் ஏதோ ஒரு மூலையில் தட்டான்களை மட்டுமே பார்க்கிறவர், சிலந்திகளை மட்டுமே பார்க்கிறவர், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவர் என்று பலர், சம்பளம் எதுவும் இல்லாமல், முன்பின் தெரியாதவர்களின் படங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் பொறுமையாக விளக்குகிறார்கள். ஊசித்தட்டான் ஒன்றுக்கு வால் நுனியில் இருக்கும் கொக்கிகளைப் பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அப்புறம்தான் அந்தக் கொக்கிகளின் வடிவத்தைக் கொண்டே பல இனங்களைப் பிரிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

நான் படம் எடுக்கும் முறையே இதனால் மாறியது. பின்னணி மங்கலாகி, கண் மட்டும் கூர்மையாகத் தெரியும் படத்துக்குப் பாராட்டு நிறையக் கிடைக்கும். ஆனால் இனம் காண அது உதவுவது குறைவு. வண்ணத்துப்பூச்சி என்றால் இறக்கையின் அடிப்பக்கமும் வேண்டும். மரம் என்றால் இலையின் இரு பக்கங்களும், பட்டையும், பூவோ காயோ கிடைத்தால் அதுவும் வேண்டும். பறக்கும் ஓணான் என்றால் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் முதுகு மட்டும் போதாது, ஆண் தாடைக்குக் கீழே விரித்துக் காட்டும் மஞ்சள் தோலும் கிடைத்தால் நல்லது. இப்போது என் தளத்தில் ஒவ்வோர் உயிருக்கும் பல கோணப் படங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்துக் கற்பது அதில்தான்.

அதிகம் பார்க்கப்படும் பக்கம் இரண்டு கறுப்புக் குரங்குகளுடையது. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். கருமந்தி என்கிற நீலகிரி லங்கூருக்கு உடல் மினுமினுக்கும் கறுப்பு, தலைமுடி மட்டும் பழுப்பு, வால் நீளம். வால்பாறையில் இரண்டையும் தினமும் பார்க்கும் பிள்ளைகள்கூட முதுகுப்பக்கமாக எடுத்த படத்தைக் காட்டினால் தடுமாறுகிறார்கள். முகம், முதுகு, வால் என்று பக்கத்தில் பக்கத்தில் படங்களை வைத்த பிறகு அந்தக் குழப்பம் போய்விட்டது.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்.

படத்தை ஏற்றியதும் கணினியே பெயர்களைப் பரிந்துரைக்கும். பொதுவாகக் காணப்படும் பறவைகளிலும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளிலும் அது அசத்துகிறது. ஆனால் போதுமான படங்கள் ஏற்கெனவே குவிந்திருக்கும் இனங்களை மட்டுமே அதற்குத் தெரியும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பூச்சிக்குப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நம் சோலைக்காட்டில் சில மலைகளில் மட்டுமே வாழும் தவளைக்கு அப்படி இருக்காது. தெரியாத இனத்தைப் பார்த்தால் அது, தனக்குத் தெரிந்தவற்றில் நெருக்கமான ஒன்றின் பெயரைச் சொல்லும். வெப்பமண்டல உயிர்களுக்குத் தளம் நடத்துகிறவர்கள் இதை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். காடு எவ்வளவு வளமானதோ அவ்வளவுக்குக் கணினியின் பேச்சை நம்பக்கூடாது.

புதர்த் தவளைகள் இதற்குச் சரியான உதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ராவோர்செஸ்டஸ் பேரினத்தில் மட்டும் பல பத்து இனங்கள் இருக்கின்றன. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் பலவிதம். படத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தவர்களே தயங்குவார்கள். ஆனால் ஆண் தவளையின் குரல் இனத்துக்கு இனம் வேறு. ஐநேச்சுரலிஸ்டில் ஒலிப்பதிவையும் ஏற்றலாம் என்பது இங்கே பெரிய வரம். மழை விட்ட இரவில் போனை நீட்டிப் பிடித்து அரை நிமிடம் பதிந்தால் போதும். படமும் குரலும் சேர்ந்து இருக்கும் பதிவுக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். அப்படியும் பெயர் முடிவாகாவிட்டால் என் தளத்தில் "புதர்த் தவளை, ராவோர்செஸ்டஸ் பேரினம்" என்றே நிறுத்திக்கொள்கிறேன். தெரிந்த அளவுக்குச் சொல்லி நிறுத்துவதும் அறிவியல் என்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்தப் பக்கமே பயன்படுகிறது.

அடுத்தது, "ஆராய்ச்சித் தரம்" என்று பதிவுக்குக் கிடைக்கும் பச்சை முத்திரை. தேதியும் இடமும் ஆதாரமும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது கிடைத்துவிடும். படம் ஏற்றியவரும் அந்தக் கணக்கில் ஒருவர். ஆக நான் ஒரு பெயர் போட்டு, என் நண்பர் ஒருவர் "சரி" என்று அழுத்தினாலே முத்திரை வந்துவிடும். அதனால் ஒரு பெயரை என் தளத்துக்கு எடுத்துப்போகும் முன், அதைச் சொன்னவரின் பக்கத்துக்குப் போய், அந்த உயிர்க்குழுவில் அவர் எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்வேன். பாடப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கப்போகிற பக்கத்துக்கு இந்தச் சிரமம் தகும்.

இடத்தை மறைக்கும் வசதிக்குத் தனியாக மதிப்பெண் கொடுப்பேன். அழியும் ஆபத்தில் உள்ள பல உயிர்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துவிடுகிறது. 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரி கட்டத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் புள்ளியைப் போடும். நம் ஊரில் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் பக்க அளவுள்ள சதுரம். தேதியையும் மற்றவர்களுக்கு மாதம், ஆண்டு மட்டுமே காட்டும். அதே நாளில் அதே பாதையில் எடுத்த மற்றப் படங்களை வைத்து யாரும் இடத்தை ஊகித்துவிடக்கூடாது என்பதற்காக.

ஆனால் தானாக மறையாத உயிர்களிலும் நாம் மறைக்க வேண்டியவை உண்டு. தவளைவாயன் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் அதற்கு ஆபத்து குறைவு என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் பகலெல்லாம் காய்ந்த இலைபோல ஒரே கிளையில் அசையாமல் இருக்கும், மறுநாளும் அங்கேயே வரும். இடம் தெரிந்தால் கேமராக் கூட்டம் வரிசை கட்டிவிடும். இருவாச்சி கூடும் அப்படித்தான். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பி உட்கார்ந்திருக்கும். கீழே கூட்டம் நின்றால் ஆண் கிட்டே வரத் தயங்கும். இப்படிப்பட்ட படங்களை ஏற்றும்போது நாமே இடத்தை மறைத்துவிட வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஓட்டை நம் சொந்தத் தளத்தில்தான் இருக்கிறது. போனில் எடுத்த படத்தின் கோப்புக்குள்ளேயே எக்சிஃப் தகவலாக ஜிபிஎஸ் எண்கள் உட்கார்ந்திருக்கும். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைத்துவிட்டு அதே கோப்பை நம் தளத்தில் அப்படியே போட்டால், இறக்கிப் பார்க்கிற யாருக்கும் இடம் தெரிந்துவிடும். நட்சத்திர ஆமையையும் தேவாங்கையும் பிடித்து விற்கிறவர்கள் இருக்கும் நாட்டில் இது சாதாரண விஷயம் கிடையாது. தளத்துக்கு ஏற்றுமதி செய்யும்போது இடத் தகவலை நீக்கும் தேர்வை, படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நிரந்தரமாகவே போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களில் ஊர்ப்பெயரும் கிடையாது, "ஆனைமலை" என்பதோடு சரி.

படங்களைச் சேமித்து வைக்கும் கிடங்காக இதை நினைக்க வேண்டாம். நீளமான பக்கத்தை 2048 பிக்சலுக்குச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். போனில் பார்க்க அது தாராளம். எஸ்டேட் லயன் வீடுகளில் அப்பா அம்மா போனில் விட்டு விட்டு வரும் சிக்னலில் பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் வைப்பது அதைவிடச் சின்னப் படம்தான். பள்ளிச் சுவரில் ஒட்டும் பெரிய போஸ்டருக்கு அது போதாது. பதிவுத் தகவல்களைப் பட்டியலாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதில் படங்களின் சுட்டிதான் வரும், படம் வராது. மூலக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நம்மிடமே இருக்க வேண்டும். முழு அளவில் பொதுவுக்குக் கொடுக்க ஆசைப்பட்டால், விக்கிப்பீடியா படங்களை எடுத்துக்கொள்ளும் பொதுக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது.

உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுக் கணக்கில் தானாக அமைந்திருப்பது சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) பை-என்சி, அதாவது பெயர் குறிப்பிட்டு, வணிகமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விக்கிமீடியா காமன்ஸ் அந்த உரிமத்தை ஏற்பதில்லை, அதனால் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அந்தப் படம் போய்ச் சேராது. சரி, சிசி பை-எஸ்ஏ (பெயர் குறிப்பிட்டு, மாற்றிய படைப்பையும் இதே உரிமத்தில் தர வேண்டும்) வைக்கலாமா என்றால், விக்கி ஏற்கும், ஆனால் பதிவுக்கும் அதே உரிமத்தை வைத்தால் உலக ஆய்வாளர்கள் தரவு எடுக்கும் ஜிபிஐஎஃப் தொகுப்புக்கு அந்தப் பதிவு போகாது. பெயர் குறிப்பிட்டால் மட்டும் போதும் என்கிற சிசி பை உரிமத்தைப் படத்துக்கும் பதிவுக்கும் வைத்தால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும். என் படங்கள் எல்லாம் அந்த உரிமத்தில்தான். தமிழில் வரும் உயிரியல் கட்டுரைகளுக்கு நம் காட்டுப் படமே கிடைக்காமல் வேறு நாட்டுப் படத்தை ஒட்டுவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். காசு வருமா என்ற யோசனையைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மாணவர்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்காதீர்கள். 13 வயதுக்குக் கீழ் நேரடியாகக் கணக்கு வைக்க அனுமதி இல்லை. அவர்களுக்கு அதே அமைப்பின் சீக் செயலி இருக்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை. கேமராவைச் செடியின் மேல் காட்டினால் குடும்பம், பேரினம் என்று படிப்படியாக இறங்கி, முடிந்தால் இனத்தையும் சொல்லும். வகைப்பாட்டியலை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல கருவி என் கையில் இல்லை. ஒரு இலையில் அது பேரினத்தோடு நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று கேட்டு வகுப்பைத் தொடங்கலாம்.

பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதற்கும் தயாராக இருங்கள். கருமந்தியின் அறிவியல் பெயர் பழைய நூல்களில் டிராகிபித்திகஸ் ஜானி, இப்போது செம்னோபித்திகஸ் ஜானி. ஐநேச்சுரலிஸ்டில் இப்படிப்பட்ட மாற்றங்கள் எல்லாப் பதிவுகளுக்கும் மொத்தமாக வந்துவிடும். நம் தளத்தில் நாம்தான் கையால் மாற்ற வேண்டும். நான் கோடை விடுமுறையில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒப்பிட்டுத் திருத்துகிறேன். பக்கத்தின் அடியில் பதிவின் சுட்டியையும் கொடுத்துவிடுவதால், இடையில் யாராவது பெயரைத் திருத்தினாலும் படிக்கிறவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்க நினைக்கிறவர்கள் அடுத்த காட்டுப் பயணம் வரை காத்திருக்க வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் மலையணில், வரையாடு, தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி படங்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். கேமராவில் தேதி சரியாக வைத்திருந்தீர்களா என்று முதலில் பாருங்கள். இடம் மங்கலாகத்தான் நினைவில் இருக்கிறது என்றால் வட்டத்தைப் பெரிதாக வைத்து ஏற்றுங்கள்.