பழைய சோவியத் வால்வுகளும் என் கிட்டார் ஆம்பும்

ஈஎல்84 வால்வுகளை (ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்) அவற்றின் 300 வோல்ட் எல்லையையும் தாண்டி ஓட்டுகிற கிட்டார் ஆம்ப் என்னுடையது, வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 வகை. புதிதாக வரும் வால்வுகள் இதில் சீக்கிரமே தளர்ந்துவிடும். அதனால்தான் சோவியத் காலத்தில் செய்து, பெட்டி பிரிக்காமல் கிடந்த, ஈஎல்84-க்கு இணையான 6பி14பி-ஈவி பக்கம் போனேன். பல வருடமாக அதையேதான் ஓட்டுகிறேன். சரடோவ் நகரத்து ரிஃப்ளெக்டர் ஆலையில் செய்தவை; சோவ்டெக் ஈஎல்84எம் என்று விற்பதும் இதே வகைதான்.

கடைசியில் வரும் 'ஈவி'யைப் பார்த்து வாங்குங்கள். ஈ என்றால் நீண்ட ஆயுள், வி என்றால் அதிர்வைத் தாங்கும் உறுதி. அந்த எழுத்து இல்லாத 6பி14பி வேறு தரம். ஒலியில் பேஸ் இறுக்கமாக இருக்கிறது, வால்யூமைக் கூட்டினாலும் வெகுநேரம் தெளிவாகவே நிற்கிறது. சீக்கிரம் உடைந்து கரகரக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தெளிவுதான்.

6என்2பி என்ற இன்னொரு சோவியத் வால்வை, ஆம்பின் முன்பகுதியில் வரும் '12ஏஎக்ஸ்7-க்கு இணை' என்று விற்பவர்கள் நிறைய. பெருக்கம் 100-ஐ ஒட்டி இருப்பது உண்மை, ஆனால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) இணைப்பு வேறு. இதில் 6.3 வோல்ட் ஹீட்டர் 4, 5 பின்களில் (வால்வின் அடிக்கால்கள்) இருக்கிறது. 9-வது பின், வால்வுக்குள் இருக்கும் இரண்டு ட்ரையோடுக்கும் (பெருக்கும் பகுதிகள்) நடுவிலுள்ள தடுப்பு. 12ஏஎக்ஸ்7-க்கு 6.3 வோல்ட் கொடுக்கும் சாக்கெட்டில் 4-ம் 5-ம் சேர்ந்தே இருக்கும் என்பதால் அங்கே இது எரியவே எரியாது. 12.6 வோல்ட் சாக்கெட்டில் போட்டால் ஹீட்டர் போய்விடும். சாக்கெட் வயரிங்கை மாற்றத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இது நல்ல வால்வு. அதேபோல 6பி3எஸ்-ஈ என்ற சோவியத் பவர் வால்வை 6எல்6ஜிசி என்று எண்ணி 30 வாட் ஏற்றாதீர்கள், அதன் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) தாங்குவது 20 வாட்டை ஒட்டித்தான்.

சோதனைக்கு வருவோம். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சாக இருக்கும் கெட்டர் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். பல பத்தாண்டு சும்மா கிடந்த வால்வு என்பதால் பின்களைத் துடைத்து, ஹை வோல்டேஜ் கொடுக்காமல் முதலில் ஹீட்டரை மட்டும் வெகுநேரம் எரிய விடுகிறேன். அப்புறம் கேதோடில் (எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் வைத்து அளப்பேன். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லியாம்ப். ஒரு மணி நேரமாவது கவனிக்க வேண்டும். மின்னோட்டம் ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே வாயு இருக்கலாம், அல்லது கிரிட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) கசியலாம். வெறும் டெஸ்டரில் 'நல்லது' என்று வந்த வால்வுகள்கூட இதில் மாட்டியிருக்கின்றன. ஆம்பை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும், அதை இறக்காமல் கை வைக்கவே கூடாது.

ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கும் வால்வுகள் என்று ஜோடி சேர்த்து விற்பவர்கள் எழுதித் தரும் எண்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அவை குறைந்த வோல்டேஜில் எடுத்தவை. தேவையை விடச் சில கூடுதலாக வாங்கி, என் ஆம்பின் வோல்டேஜிலேயே அளந்து நானே ஜோடி சேர்த்துக்கொள்கிறேன்.