தண்ணீர்த் தாங்கி ஓட்டை அடைக்க வருகிறவர்களிடம் கவனம்: எனக்குப் போனது 9,500 ரூபா

திருகோணமலையில் பிளாஸ்டிக் தாங்கி திருத்த ஆள் தேடுகிறவர்கள், முக்கியமாக உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள், இதை வாசித்துவிட்டுப் போன் எடுங்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி. கச்சான் காற்றில் பக்கத்துக் கொட்டிலின் தகரம் கழன்று வந்து குத்தியதில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இலவச விளம்பரம் போடுகிற ஒரு இணையத்தளத்தில் "ஹீட் வெல்டிங், 5 வருட கேரண்டி" என்று கண்டு அழைத்தேன்.

ஆள் நல்ல மரியாதை. முற்பணம் நீட்டியபோது, "வேண்டாம் அக்கா, தண்ணி நிக்கிறதைப் பார்த்திட்டுத் தாங்கோ" என்றான். அந்த ஒரு சொல்லில்தான் வீட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. இரண்டு டியூப் பசையைக் குழைத்து, ஒரு துணித்துண்டு வைத்து அப்பி, மேலே சூட்டுத் துப்பாக்கியைக் காட்டினான். பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது, வெல்டிங் என்றே நினைத்தோம். பிறகு ஒட்டுக்கு நாலு விரல் மேலே மட்டும் தண்ணீர் விட்டு, ரிசுப் பேப்பரால் துடைத்து, "பாருங்கோ, ஒரு சொட்டு இல்லை." 9,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். பில்லும் தந்தான். அதில் ஒரு போன் நம்பரும் "நன்றி, மீண்டும் வருக"வும் இருந்தன, முகவரி இல்லை.

அன்றிரவே தாங்கி நிரம்பியது. விடிய எழும்பினால் முற்றம் முழுக்கச் சேறு, குழாயில் காற்று. ஒட்டு முழுசாகக் கழன்று வாழையடியில் கிடந்தது. அது ஒட்டியிருந்த இடம் வழுவழுவென்று மினுங்கியது, ஒரு கீறல்கூடப் போடாமல் அப்பியிருக்கிறான்! தாங்கி நிரம்ப நிரம்பத்தான் அடியில் அழுத்தம் ஏறும். நாலு விரல் தண்ணீரோடு அவன் ஏன் நிறுத்தினான் என்பது அப்போதுதான் விளங்கியது.

போன் எடுத்தால் முதலில் "மூதூரில வேலை, நாளைக்கு வாறன்." அப்புறம் "உங்கட மோட்டார் பிரஷர் கூட." மேலே மூடிப் பக்கத்தால் சும்மா விழுகிற தண்ணீருக்கு என்ன பிரஷர்? அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டான். இப்போது வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவது ஒற்றைச் சரியோடு நிற்கிறது. இணையத்தளக்காரரிடம் முறையிட்டால், "விளம்பரம் போடுவது மட்டும்தான் எங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். என் 9,500 ரூபாவுக்கு ஒருவரும் பொறுப்பில்லை. அந்த விளம்பரம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

எப்படித் தப்பலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், தண்ணீர் பவுசர்க்காரர் வாசலில் ஹோர்ன் அடிக்கிறார். அவசரத்துக்கு இவ்வளவுதான்: இந்தத் தாங்கிகள் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக். எபொக்சி, சிலிக்கன், பிவிசி பைப் கம் எதுவும் அதில் நின்று பிடிக்காது. உண்மையான வெல்டிங் என்றால் அதே பிளாஸ்டிக்கில் கம்பி இருக்க வேண்டும், தாங்கியும் கம்பியும் சேர்ந்து உருக வேண்டும், தாங்கி வெறுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். பசை டியூபைக் கண்டால் அனுப்பிவிடுங்கள். எங்களுடையது போல வெடிப்பு ஓடாத சின்ன ஓட்டைக்கு, அதையே வட்டமாகத் துளைத்து, ரப்பர் வாஷரோடு டாங்க் கனெக்டர் (தாங்கிச் சுவரில் குழாய் பொருத்தும் துண்டு) இறுக்கி மூடி போட்டாலே போதுமாம், ஹார்ட்வெயார் கடையில் பிறகுதான் சொன்னார்கள். தாங்கியை நிரப்பி ஒரு இரவு விட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப் போகிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.