மில்க் திசில் விதை கேட்டால் பிரம்மதண்டு வருகிறது

மில்க் திசில் என்பது ஊதாப் பூப் பூக்கும் ஒரு முள்செடி. அதன் விதை என்று ஆன்லைனில் வாங்கிய பொட்டலத்தில் இருந்தது பிரம்மதண்டு என்ற முள் களையின் விதை. அட்டையில் ஊதாப் பூவும் வெள்ளை நரம்போடிய இலையும் சரியாகவே அச்சாகியிருந்தன. விற்றவர்களிடம் கேட்டதற்கு, "இது சின்ன விதை ரகம்" என்றார்கள். பிரித்த பொட்டலத்துக்குப் பணம் திரும்பக் கிடையாதாம். கடுகளவு விதை தரும் மில்க் திசில் எங்குமே கிடையாது.

விதையைப் பார்த்தாலே போதும். மில்க் திசில் விதை 6 அல்லது 7 மி.மீ. நீளம், தட்டை, வழுவழுப்பு. பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் மங்கலான கோடுகள் ஓடும். ஒரு முனையில் வெளிர்மஞ்சள் வளையம் தெரியும். விதை நுனியிலுள்ள மயிர்க் குஞ்சம் தானே உதிர்ந்துவிடும் என்பதால் அது இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். குஞ்சம் ஒட்டியிருந்து, அதன் மயிர்கள் இறகுபோலக் கிளைத்திருந்தால் அது சிர்சியம் என்ற வேறு பேரினத்துத் திசில். பிரம்மதண்டு விதையோ உருண்டை, கறுப்பு, 2 மி.மீ.க்கும் குறைவு. லென்ஸ் வைத்தால் மேலெல்லாம் வலைப்பின்னல்போலக் குழிகள்.

விதைத்துவிட்டீர்களா? விதையிலையைக் கவனியுங்கள். மில்க் திசிலுக்கு அகன்று தடித்திருக்கும், பிரம்மதண்டுக்கு ஊசியாக ஒடுங்கியிருக்கும். வளர்ந்தபின் ஏமாற்றுவது இலைதான்: இரண்டிலும் முள், இரண்டிலும் நரம்பை ஒட்டி வெளுப்பு. காம்பைக் கிள்ளுங்கள். மஞ்சள் பால் கசிந்தால் பிரம்மதண்டு, அது கசகசாக் குடும்பம். பூக்கும்வரை விட்டுவைக்காதீர்கள், ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள், நிலத்தில் கொட்டினால் ஒழிப்பது பெரும்பாடு. பூத்தேவிட்டால் ஐயமே இல்லை: பிரம்மதண்டுக்கு நான்கு முதல் ஆறு மஞ்சள் இதழ்கள். திசிலுக்கு இதழ் என்று தனியே இல்லை. நூற்றுக்கணக்கான ஊதாக் குழல்பூக்கள் ஒரே கொத்தாக நிற்கும், அடியில் முள் நுனிச் செதில்கள் சூழ்ந்திருக்கும்.

பணம் போனது சின்ன விஷயம். கல்லீரலுக்கு நல்லது என்று மில்க் திசில் விதையைப் பொடித்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரம்மதண்டு விதை எண்ணெயிலுள்ள சாங்குவினரின் என்ற நச்சு நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசியவைக்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் செயலிழக்கவும் கூடும். 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த எண்ணெய் கலந்து பலர் இறந்தார்கள். பொடியாக்கிய பிறகு கண்ணால் பிரித்தறிய வழியில்லை, ஆகவே முழு விதையாக மட்டுமே வாங்குங்கள். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, மிச்ச விதையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகட்டும்.

புகார் கொடுக்க: விதைகளை அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், அட்டையின் தொகுதி எண்ணும் தெரியட்டும். பொட்டலத்தைக் குப்பையிலோ உரக்குழியிலோ கொட்டாதீர்கள், முளைத்துவிடும்.