மாஸ்ஃபெட்டா, ஐஜிபிடியா?

இரண்டுமே மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகள். ஓசூரில் ஓடும் மின்சார ஸ்கூட்டரின் கண்ட்ரோலரைத் திறந்தால் பெரும்பாலும் வரிசையாக மாஸ்ஃபெட். தர்மபுரிப் பக்கம் கிணற்று மோட்டாரை ஓட்டும் டிரைவில் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில்) ஐஜிபிடி.

48 வோல்ட் பேட்டரியில் 50 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிஓம் மாஸ்ஃபெட்டில் வீணாவது 5 வாட்தான். ஐஜிபிடியோ ஒன்றரை வோல்ட்டையாவது விழுங்கும்; 75 வாட் சூடாகவே போய்விடும். அங்கே அதற்கு வேலையில்லை.

மூன்று ஃபேஸ் 415 வோல்ட்டை டிசி ஆக்கினால் ஏறக்குறைய 590 வோல்ட். அதற்கு 1200 வோல்ட் தாங்கும் பாகம் வேண்டும். அந்த அளவில் சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் தடை எகிறிவிடும், ஐஜிபிடிதான் சரி. அது அணையக் கொஞ்சம் தாமதிக்கும், ஆனால் மோட்டாருக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு 20 ஆயிரம் முறைக்குள், திறந்து மூடினால் போதும்.

அப்புறம், கால்கள் பொருந்துகின்றன என்று மாற்றிப் போடாதீர்கள். மாஸ்ஃபெட்டுக்குள் டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இயல்பாகவே உண்டு. ஐஜிபிடியில் சேர்த்திருக்கிறார்களா என்று டேட்டாஷீட்டைப் பாருங்கள்.