சிபில் குறைவு, கையிருப்பும் குறைவு: முதல் வீட்டுக் கடனுக்கு எந்த வழி?

வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் மதிப்பெண் 600-ஐ ஒட்டி நிற்கிறது, கையில் இரண்டு மூன்று லட்சம்தான் இருக்கிறது, ஆனால் வாடகை வீட்டில் இனி காலம் தள்ள முடியாது. குமரி மாவட்டத்தில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர், விசைப்படகில் போகிறவர், கடையில் சம்பளத்தைக் கையில் வாங்குகிறவர், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர். இவர்கள் பெரும்பாலும் யார் சீக்கிரம் பணம் தருகிறார் என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அந்தக் கடனிலிருந்து பிறகு எவ்வளவு சுலபமாக வெளியே வரலாம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் முன்பணக் கணக்கு, ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. கருங்கல் பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி 4 சென்டில் ஒரு வீடு, விலை 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடன் அதிகபட்சம் 18 லட்சம், நம் பங்கு 2 லட்சம். இதோடு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1.8 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு இந்தச் செலவு கடன் கணக்கில் சேராது. அப்போதே 3.8 லட்சம் ஆகிவிட்டது. வக்கீலின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு எல்லாம் இதற்கு மேல்.

அடுத்து தரகர் வந்து, "பத்திரத்துல 14 போட்டுக்கலாம் அண்ணே, செலவு மிச்சம்" என்பார். வங்கி பத்திர மதிப்பு, மதிப்பீட்டாளர் மதிப்பு இரண்டில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். 14 லட்சத்தில் 90 சதவீதம் 12.6 லட்சம். பத்திரச் செலவில் 54,000 மிச்சப்படுத்தி, கடனில் 5.4 லட்சத்தை இழக்கிறோம். உண்மையான விலையைக் குறைத்துக் காட்டுவது சட்டப்படி தப்பு என்பது ஒருபக்கம் இருக்க, முன்பணம் குறைவாக உள்ளவருக்கு இது கட்டுப்படியாகவே ஆகாது. முழு விலைக்குப் பதிய ஒத்துக்கொள்ளாத வீட்டை விட்டுவிடுங்கள்.

சரி, கடன் யாரிடம்? பொதுத்துறை வங்கியில் வட்டி குறைவு. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருப்பதால், வட்டி எதை வைத்து ஏறுகிறது, இறங்குகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும். ஆனால் சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் கேட்பார்கள். பழைய பாக்கி ஒன்று இருந்தாலே மேலாளர் தயங்குவார். வீட்டுக் கடன் நிறுவனங்கள் அப்படியல்ல. கடைக்கு நேரில் வந்து பில் புத்தகத்தைப் புரட்டி, பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்து, வருமானத்தை அவர்களே மதிப்பிட்டுக்கொள்கிறார்கள். கடலுக்குப் போகிறவருக்கும் பால் வெட்டுகிறவருக்கும் இது உண்மையான உதவி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதற்கான விலையைப் பார்ப்போம். 15 லட்சம், 20 வருடம். வங்கியில் 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 13,000. நிறுவனத்தில் 13 சதவீதம் என்றால் சுமார் 17,600. 20 வருடத்தில் வித்தியாசம் 10 லட்சத்தைத் தாண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: 13 சதவீதத்தில் மூன்று வருடம் தவறாமல் கட்டினால் 6.3 லட்சம் போயிருக்கும், அசலில் 60,000 கூடக் குறைந்திருக்காது.

ஆகவே நிறுவனத்தில் வாங்கினால், வங்கிக்கு மாற்றும் எண்ணத்தோடுதான் வாங்க வேண்டும். தனிநபர் பெயரில், தொழிலுக்கல்லாமல் வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடக் கூடாது என்பது விதி. முதல் சில வருடம் நிலையான வட்டி என்று எழுதியிருந்தால், வேறு வங்கிக்கு மாற்றும்போது கட்டணம் கேட்க இடமிருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்; அந்தத் தொகைக்கும் 20 வருடம் வட்டி ஓடும். ஒழுங்காகக் கட்டிவிட்டு, அதற்குள் வருமான வரிக் கணக்கையும் தாக்கல் செய்து வைத்தால், மாற்றுவது நடக்கக்கூடிய காரியம்.

இவை இரண்டையும்விட எனக்குப் பிடித்தது ஒரு வருடம் பொறுப்பது. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. மதிப்பெண் ஏன் குறைந்தது என்று அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும். நிலை என்ற இடத்தில் 'செட்டில்டு' என்று இருந்தால், முழுப் பணம் கட்டாமல் பேசி முடித்த கடன் என்று அர்த்தம். எப்போதோ தவணையில் வாங்கிய செல்போனுக்கு 4,000 ரூபாய் பாக்கி நின்று, அந்த ஒரு வரி வீட்டுக் கடனையே மறித்துக்கொண்டிருக்கலாம். பாக்கியைக் கட்டி, 'க்ளோஸ்டு' என்று மாற்றச் சொல்லி, பாக்கியில்லாச் சான்றும் வாங்குங்கள். குழு லோன் தவணைகளும் இதில் ஏறும் என்பதைப் பெண்கள் கவனிக்க வேண்டும். தவறான பதிவு என்றால் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பிரச்சினை இப்படிச் சிறியதென்றால் காத்திருங்கள். வருமானத்துக்குத் தாளே இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால், காத்திருந்து பயனில்லை, நிறுவனத்துக்கே போகலாம்.

வீட்டில் இன்னொருவரின் கணக்கு சுத்தமாக இருந்தால் அதுவும் ஒரு வழி. மனைவி நர்ஸாகவோ ஆசிரியையாகவோ இருந்து சம்பளம் வங்கிக்கு வருகிறதென்றால், வீட்டையும் கடனையும் அவர் பெயரிலேயே வைக்கலாம். பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால் வங்கி இருவரையும் கடனில் சேர்க்கும், கணவரின் மதிப்பெண்ணும் உள்ளே வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியைச் சேர்ப்பது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. நாளை அவர் தன் வீட்டுக்குக் கடன் கேட்கும்போது நம் தவணை அவர் கணக்கில் நிற்கும். அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டுச் சேர்ப்பதுதான் நியாயம்.

முன்பணத்துக்குத் தனிநபர் கடன் வேண்டவே வேண்டாம். அந்தத் தவணை வீட்டுக் கடன் தகுதியைத் தின்றுவிடும். பதிவு பெற்ற சீட்டு, அவசரத்துக்குக் குறைந்த தொகைக்குத் தள்ளி ஏலம் எடுக்காமல் கடைசித் தவணைகள் வரை பொறுக்க முடிந்தால் நல்லது. நகைக்கடன் கடைசிச் சில ஆயிரங்களுக்கு மட்டும்.

குடும்பப் பாகத்தில் நாலைந்து சென்ட் கிடைக்கும் என்றால், வீடு வாங்குவதைவிட அதில் கட்டுவதையே சொல்வேன். நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டாம், கடன் பாதியாகும், வேலை நடக்க நடக்கத்தான் பணமும் வரும். ஆனால் பாகப்பிரிவினை பதிந்திருக்க வேண்டும், பட்டா தனிப் பெயரில் இருக்க வேண்டும். 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்து மூலப்பத்திரம் மலையாளத்தில் இருந்தால், மொழிபெயர்ப்பும் தயாராக இருக்கட்டும். வங்கி வக்கீல் கேட்பார்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவையும் விசாரித்துவிடுங்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, நாட்டில் எங்கும் சொந்தமாக உறுதியான (பக்கா) வீடில்லாத குடும்பத்துக்கு, 35 லட்சம் மதிப்புக்குள் உள்ள வீட்டின் கடனில் மொத்தம் 1.8 லட்சம் வரை வட்டி மானியம் ஐந்து தவணையாக வரும். நகர்ப்புறம் என்றதும் நாகர்கோவில் மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் கிராமம் என்று நாம் சொல்லும் பல ஊர்கள் பேரூராட்சிகள். பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் வங்கிக்குப் போங்கள்.