14,800 ரூபாய் போச்சு: டாங்கி மாடல் கிட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று இரவு பத்தரை மணிக்கு அந்தக் கடைக்காரர் என்னை பிளாக் செய்துவிட்டார். இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 14,800 ரூபாய். பெட்டி வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, அதிலிருந்து ஒரு பாகத்தைக்கூட இன்னும் ஒட்டவில்லை, ஒட்டவும் முடியாது. இந்த மாதிரி கிட் வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். சமூக வலைதளத்தில் அழகழகாகப் படம் போட்டு, வெளிநாட்டு மாடல் கிட்களை வரவழைத்து, வாட்ஸ்அப்பில் பேசி விலை முடித்து, ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்பும் வகைக் கடை. இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள். நேர்மையாகச் செய்கிறவர்களும் அதில் உண்டு, அவர்களிடம் நானே வாங்கியிருக்கிறேன்.

என் அப்பா ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சேரும்போது அங்கே விஜயந்தா டாங்கி ஓடிக்கொண்டிருந்தது, பிறகு ரஷ்யாவின் டி-72 வந்தது, அதைத்தான் நம் ராணுவத்தில் அஜேயா என்பார்கள். அதன் டரெட் பகுதியில், அதாவது பேரல் என்கிற பீரங்கிக் குழல் பொருத்திய, சுழலும் மேல்பகுதியில், அவர் பல வருஷம் வேலை செய்தார். ஆனால் என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பாதுகாப்புத் துறை ஃபேக்டரி, உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை, அவரும் வாயைத் திறக்க மாட்டார். சின்ன வயதில் நான் கேட்டால், "இரும்புக்குள்ள இரும்ப மாட்டறதுடா" என்பார், அவ்வளவுதான். எனக்கு இப்போது நாற்பத்தொரு வயது. போன வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உள்பாகங்கள் முழுக்க இருக்கும் டி-72 கிட் ஒன்றை வாங்கி, நான் ஒட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இது இன்னது என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அவர் எதற்குள் கை விட்டு வேலை செய்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது பொம்மைக் கடையில் கிடைக்கும் டாங்கி கிடையாது. நிஜ வண்டியை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கியது, அதாவது பேரலோடு சேர்த்து ஒன்பதரை மீட்டர் நீள டி-72 கிட்டத்தட்ட 27 சென்டிமீட்டரில் மேஜைமேல் நிற்கும். உள்பாகம் உள்ள கிட் என்றால் ஆயிரத்துக்கும் மேல் பாகங்கள். பிளாஸ்டிக் சட்டங்களில், ஸ்ப்ரூ என்போம், கிளையில் காய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நிப்பரால் வெட்டி, தழும்பைத் தேய்த்து, எண் பார்த்து ஒட்ட வேண்டும். சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை, ட்ராக் என்போம், அதுவே ஒரு பக்கத்துக்குத் தொண்ணூறுக்கு மேல் கண்ணிகள், ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். இன்ஜின் மூடிமேல் வரும் வலைக்கு, விளக்குக் கூண்டுக்கு, தலைமுடி அளவு கைப்பிடிக்கு எல்லாம் பிளாஸ்டிக் சரிவராது, அமிலத்தில் அரித்து எடுத்த மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று வரும், போட்டோ எட்ச் என்போம். அதில் ஒரு துண்டு தரையில் விழுந்தால் அன்றைய மாலை அதைத் தேடுவதிலேயே போய்விடும். அப்படியும் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பொறுமையாக உட்கார்ந்து செய்கிறோம் என்றால் அது எங்களுக்கு அவ்வளவு பிடித்த வேலை.

இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும், ஏனென்றால் கடையில் போய்த் தனியாக ஒரு பாகம் வாங்க முடியாது. நம் ஊரில் கிட் கிடைப்பதே கஷ்டம். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளின் இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் அது 70 ஆனது. நடுவில் 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். சின்னக் குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு அது நல்ல சட்டம்தான், ஆனால் பெரியவர்கள் கட்டும் ஸ்கேல் மாடலும் அதே கணக்கில் போய்விடுகிறது. நாமே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸில் மாட்டுமோ என்று பயம். அதனால்தான் "ஸ்டாக் கையில் இருக்கு" என்று எவராவது போட்டால் ஓடிப் போய் விழுகிறோம். இந்த ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிட் 11,600, அதற்குத் தனியாக உலோக ட்ராக் செட் 3,200, மொத்தம் 14,800. விலையில் எனக்குத் தயக்கம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். அப்போது அந்த ஆளே, "யாருக்குண்ணா, உங்களுக்கா?" என்று கேட்டார். நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். ஆவடி, டரெட், கண் ஆபரேஷன், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அண்ணா, அப்பாவுக்குன்னு சொல்லிட்டீங்க. நானே என் கையால செக் பண்ணி பேக் பண்றேன். ஒரு பீஸ் குறைஞ்சாலும் என் பொறுப்பு." சீல் போட்ட பெட்டியின் படமும் அனுப்பினார். அந்தக் குரலைக் கேட்டதும் என் தயக்கம் போய்விட்டது. பில் கேட்கவில்லை. கடைப் பெயரில் இல்லாமல் தனி ஆளின் பெயரில் இருந்த எண்ணுக்கு முழுப் பணத்தையும் அனுப்பினேன். அந்த வாய்ஸ் மெசேஜை நேற்று மறுபடி போட்டுக் கேட்டேன், வயிறு எரிகிறது.

பெட்டி வந்தது. மேலே பளபளவென்று புது பிளாஸ்டிக் உறை. அப்பாதான் கத்தரிக்கோலால் பிரித்தார். ஸ்ப்ரூக்கள் ஃபேக்டரியிலேயே பாலித்தீன் பையில் போட்டுச் சூட்டால் ஒட்டி வரும். இதில் மூன்று பைகளைக் கத்தரித்து, மறுபடி செல்லோ டேப் ஒட்டியிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். டரெட்டின் மேல் ஓட்டில் பசை வழிந்து காய்ந்த தடம். சக்கரங்கள் இருந்த சட்டத்தில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாகிவிட்டது. போட்டோ எட்ச் வைக்கும் காகித உறை இருந்தது, உள்ளே காலி. உலோக ட்ராக்கில் ஒரு பக்கத்துக்கான பை மட்டும். கடைசியாகச் செய்முறைப் புத்தகத்தைப் பிரித்தேன். ஒன்றாம் படியிலிருந்து ஒன்பதாம் படி வரை ஒவ்வொரு பாகத்தின் எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக டிக் போட்டிருந்தது. யாரோ ஒருவர் வாங்கி, ஆரம்பித்து, பாதியில் விட்டுத் திருப்பிக் கொடுத்த கிட். அதற்கு வெப்பக்காற்றில் புது உறை சுருக்கி, புதிது என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர் அனுப்பிய "சீல்" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பெட்டியின் மூலையில் இருந்த அதே நசுங்கல் அதிலும் இருக்கிறது. படம் எடுக்கும்போதே அது பழைய பெட்டிதான்.

அப்பா அதற்குள் தனக்குத் தெரிந்ததைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். டி-72-இல் பேரலுக்குள் குண்டை நிரப்பத் தனி ஆள் கிடையாது, உள்ளே மூன்று பேர்தான். டரெட்டுக்குக் கீழே தரையில் வட்டமாக ஒரு சுழல்தட்டு, அதில் 22 குண்டுகள். சுடுபவர் பட்டனை அழுத்தினால் தட்டு சுழன்று, வேண்டியதை மேலே தூக்கி, முதலில் குண்டையும் பின்னாலேயே வெடிமருந்தையும் பேரலுக்குள் தள்ளும். அந்தத் தட்டின் வளையத்தை உள்ளங்கையில் வைத்து விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே எனக்கு விளக்கினார். என் வாழ்நாளில் முதல்முறை. பிறகு அதில் வைக்க வேண்டிய குண்டுகளை எண்ணினார், பதின்மூன்று. மறுபடி எண்ணினார். "மீதி ஒம்போது எங்கடா?" என்றார். நான் என்ன சொல்வது?

அன்று இரவே படங்களை அனுப்பினேன். "பாத்துட்டு சொல்றேண்ணா" என்றார். மூன்றாம் நாள் "அண்ணா" போய் "சார்" ஆகிவிட்டது: "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா சார்? இல்லன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." வீடியோ வேண்டும் என்று பணம் வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து, "கம்பெனியிலேயே அப்படி வந்திருக்கும், அவங்களுக்கு மெயில் போடுங்க." போட்டேன். தயாரிப்பாளர் இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் போட்டார்கள், வாங்கிய ரசீதை அனுப்புங்கள் என்று. ரசீது கேட்டால் இந்த ஆள், "பில்லுன்னா ஜிஎஸ்டி தனியா ஆகும் சார், நீங்க அப்பவே கேட்கல" என்கிறார். போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, "அவர் ஊர்ல இல்லீங்க, திங்கக்கிழமை வருவாரு" என்றார். அதே நேரத்தில் அந்தப் பக்கத்தில் புதுச் சரக்கின் படம் ஏறிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமையும் போனது. பிறகு, "அடுத்த ஆர்டர்ல 1,500 கம்மி பண்ணித் தரேன்" என்றார். 14,800 ரூபாயை வாங்கிக்கொண்டு, யாரோ வெட்டிப் போட்ட மிச்சத்தை அனுப்பிவிட்டு, மறுபடி என்னிடமே வியாபாரம் பேசுகிறார்.

நேற்று எழுதியதுதான் தாங்க முடியவில்லை. "உங்க அப்பாவுக்குக் கண்ணு சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க, அவரே வெட்டித் தொலைச்சிருப்பாரு." நான் நம்பிச் சொன்ன விஷயத்தை எடுத்து என்மேலேயே வீசுகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் நிஜ டாங்கியின் டரெட்டில் வேலை செய்த மனிதரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. நான் பதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பிளாக்.

பணம் அனுப்பிய செயலியில் புகார் செய்தேன், நீங்களே விரும்பி ஒரு தனிநபருக்கு அனுப்பியிருக்கிறீர்கள், பேங்கைக் கேளுங்கள் என்றார்கள். பேங்கில் போய் நின்றால் சைபர் கிரைமைப் பாருங்கள் என்றார்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழைத்துப் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இது பலருக்குத் தெரிவதில்லை. 14,800-க்காகவா இவ்வளவு அலைச்சல் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், அதற்காகத்தான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி இரண்டாகிவிட்டது, காலையில் டியூட்டி. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் எண்ணுக்கு முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். பில் இல்லை என்றால் வேண்டாம், எவ்வளவு அரிய கிட்டாக இருந்தாலும் சரி. பெட்டியின் படம் போதாது, இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, ஸ்ப்ரூ பைகளின் ஒட்டு தெரியும்படி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பார்சல் வந்தால் கத்தரிக்கோலைத் தொடும் முன் போனில் ரெக்கார்டிங் போட்டுவிடுங்கள். புத்தகத்தின் முன்பக்கத்தில் எல்லா ஸ்ப்ரூவின் படமும் அதனதன் அடையாள எழுத்தோடு இருக்கும், அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள், ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டுத் திறந்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். யாருக்காக வாங்குகிறீர்கள் என்பதை மட்டும் விற்கிறவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

அப்பா இன்று சாயங்காலம் பழைய டைரி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு, இல்லாத பாகங்களின் எண்களை வரிசையாக எழுத ஆரம்பித்திருக்கிறார். இதுவரை 143 வந்திருக்கிறது, இன்னும் இன்ஜின் பக்கம் பார்க்கவில்லை. யாரிடமாவது பாதியில் நின்றுபோன 35-இல் ஒரு பங்கு டி-72 உள்பாகக் கிட் இருந்து, அதில் அந்தச் சுழல்தட்டும் குண்டுகளும் மிச்சம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சென்னைக்குள் என்றால் நானே வந்து, பார்த்து, பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். ஒன்பது குண்டு கிடைத்தால்கூடப் போதும்.